பத்தாவதோடு கணக்கை விட்டவர் ஆன்லைனில் கால்குலஸ் படிக்க முடியுமா?

கேள்வி சுருக்கமாக இது. பத்தாவது வரை தமிழ்வழி. பிளஸ் ஒன்னில் கணக்கு இல்லாத வணிகவியல் பிரிவு, அப்புறம் பி.காம். சென்னையில் நான்கு வருடமாக வேலை. இப்போது டேட்டா சயின்ஸ் பக்கம் போக ஆசை, ஆனால் எங்கே விசாரித்தாலும் காலேஜ் அளவு கால்குலஸ் தெரிந்திருக்க வேண்டும் என்கிறார்கள். வேலையை விடாமல், ராத்திரி ஒரு மணி நேரம் ஒதுக்கி, ஆன்லைனிலேயே முடிக்கலாமா? எதில் சேர்வது?

முடிக்கலாம். ராத்திரி ஒரு மணி நேரத்தில் முடியாது. அந்த ஒரு மணி நேரம் வீடியோ பார்ப்பதற்கே சரியாகப் போய்விடும். ஒரு மணி நேரம் வீடியோ என்றால் இரண்டு மணி நேரம் தாளும் பேனாவும் என்று வைத்துக்கொள்ளுங்கள். வாரத்துக்கு எட்டிலிருந்து பத்து மணி நேரம் வரும். வார நாட்களில் ஒரு மணி, ஞாயிற்றுக்கிழமை காலை நான்கு மணி என்று பிரித்தால் தாங்கும். கல்யாணம், ஊர்த் திருவிழா, ஆபீஸில் மாதக் கடைசி எல்லாவற்றையும் தாண்டி 12 வாரம் அப்படி உட்கார முடியுமா என்பதை இப்போதே வீட்டில் பேசி முடிவு செய்துகொள்ளுங்கள்.

நான் ஒரு பொறியியல் கல்லூரியில் முதல் வருடப் பிள்ளைகளுக்கு எம்-ஒன், அதாவது முதல் கணிதத் தாள், எடுப்பவன். ஐ.ஐ.டி.க்கள் சேர்ந்து நடத்தும் என்.பி.டி.இ.எல். ஆன்லைன் பாடங்களுக்கு எங்கள் கல்லூரியில் மென்டராகவும் இருந்திருக்கிறேன், அதாவது பிள்ளைகளைப் பதிவு செய்ய வைத்து, வாராவாரம் அசைன்மென்ட் போட்டார்களா என்று விரட்டும் வேலை. நானே ஒரு முறை பகுதி வகைக்கெழுச் சமன்பாடுகள் பற்றிய பாடம் ஒன்றில் சேர்ந்து ஐந்தாவது வாரத்தில் காணாமல் போனவன்தான். கணக்கு வாத்தியாருக்கே அந்தக் கதி. ஆகவே கீழே சொல்வதெல்லாம் மேடையில் ஏறி நின்று சொல்வதாக நினைக்க வேண்டாம்.

எந்தப் பாடம் என்பதற்கு முன்னால் ஒரு சம்பவம். போன வருடம் தெரிந்த குடும்பத்துத் தம்பி ஒருவர், ஏறக்குறைய உங்கள் நிலைதான், என்னைப் பார்க்க வந்தார். "சார், எம்.ஐ.டி. லெக்சர் ஆறு பார்த்துட்டேன். எல்லாம் நல்லாப் புரியுது. ஆனா ப்ராப்ளம் செட் எடுத்தா கை ஓட மாட்டேங்குது" என்றார். அவர் பார்த்தது அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் டேவிட் ஜெரிசன் எடுத்த 18.01, அதாவது அங்கே முதல் கால்குலஸ் பாடம். அதன் முதல் வகுப்பிலேயே 1/எக்ஸ் என்ற சார்பின் வகைக்கெழுவை, அதாவது அதன் வளைகோடு ஒவ்வொரு இடத்திலும் எவ்வளவு சாய்கிறது என்பதை, அடிப்படையிலிருந்து கண்டுபிடிப்பார். பிறகு அந்த வளைகோட்டுக்கு எந்த இடத்தில் தொடுகோடு வரைந்தாலும், அது இரண்டு அச்சுகளோடு சேர்ந்து உண்டாக்கும் முக்கோணத்தின் பரப்பு எப்போதும் 2 என்று காட்டுவார். அழகான வகுப்பு. தம்பிக்கும் ரொம்பப் பிடித்திருந்தது, அந்த முக்கோணத்தைக் கையாலேயே காற்றில் வரைந்து காட்டினார்.

ஒரு வெள்ளைத்தாளைக் கொடுத்தேன். "1/எக்ஸ் வகைக்கெழு, அவர் போட்ட மாதிரியே போடுங்க."

முதல் வரி சரியாக எழுதினார்: 1/(எக்ஸ்+ஹெச்) கழித்தல் 1/எக்ஸ், மொத்தத்தையும் ஹெச்சால் வகுக்க வேண்டும், பிறகு ஹெச்சை 0-க்கு நெருங்க விட வேண்டும். இரண்டாவது வரியில் 1/(எக்ஸ்+ஹெச்) என்பதை 1/எக்ஸ் கூட்டல் 1/ஹெச் என்று பிரித்துவிட்டார். இரண்டு 1/எக்ஸும் அடிபட்டுப் போய், மிச்சம் 1/ஹெச், அதை ஹெச்சால் வகுத்தால் 1/ஹெச் வர்க்கம். ஹெச் 0-க்கு நெருங்கினால் அது முடிவிலிக்குப் போகிறது. "சார், இன்ஃபினிட்டி வருதே" என்று என்னைப் பார்த்தார்.

அவருக்குக் கால்குலஸில் எந்தச் சிக்கலும் இல்லை. எல்லை என்றால் என்ன, ஏன் ஹெச் வேண்டும், தொடுகோட்டுச் சாய்வு என்றால் என்ன, எல்லாம் வாயால் சொன்னார். சிக்கல் பின்னத்தைக் கழிப்பதில். பொதுப் பகுதி எடுத்தால் மேலே எக்ஸ் கழித்தல் (எக்ஸ்+ஹெச்), அதாவது வெறும் கழித்தல் ஹெச். கீழே எக்ஸ் பெருக்கல் (எக்ஸ்+ஹெச்). ஹெச் அடிபட்டுவிடும். ஹெச்சை 0 ஆக்கினால் கழித்தல் 1/எக்ஸ் வர்க்கம். பத்தாவதுக்குள் வரும் கணக்கு அது. வீடியோவில் ஆசிரியர் அந்த வரியை நாலு விநாடியில் தாண்டிப் போய்விட்டார், பார்ப்பவருக்கு அது தடையாகவே தெரியவில்லை. நேர் வகுப்பில் இருந்திருந்தால் பக்கத்து பெஞ்சில் இருப்பவன் நோட்டை எட்டிப் பார்த்து "டேய், அப்படிப் பிரிக்கக் கூடாதுடா" என்று சொல்லியிருப்பான். ஆன்லைன் பாடத்தில் அந்தப் பக்கத்து பெஞ்ச்காரன் இல்லை. மற்ற எல்லாமே நேர் வகுப்பைவிட நன்றாகவே இருக்கிறது. பேராசிரியர் நல்லவர், கரும்பலகை தெளிவாகத் தெரியும், புரியாவிட்டால் திருப்பிப் போட்டுப் பார்க்கலாம். உங்கள் நோட்டை மட்டும் யாரும் பார்ப்பதில்லை. என் அனுபவத்தில் ஆன்லைன் கால்குலஸில் தோற்பவர்களில் பெரும்பாலோர் தோற்பது இந்த ஒரு இடத்தில்தான்.

அதனால் உங்கள் விஷயத்தில் நான் பாடத்தில் நேரே சேரச் சொல்ல மாட்டேன். பத்தாவதுக்கும் கல்லூரி முதல் வருடத்துக்கும் நடுவில் ஒரு பாலம் வேண்டும். அந்தப் பாலம் தமிழிலேயே, காசில்லாமல் இருக்கிறது: தமிழ்நாடு பாடநூல் கழகத்தின் 11-ஆம் வகுப்புக் கணிதம். முதல் தொகுதியில் முதல் மூன்று அத்தியாயங்கள் போதும்: சார்புகள் வரும் முதல் அத்தியாயம், அடிப்படை இயற்கணிதம், முக்கோணவியல். மடக்கை இரண்டாவது அத்தியாயத்தில் இருக்கிறது, அதைத் தாண்டிப் போகாதீர்கள். பிறகு இரண்டாம் தொகுதிக்குத் தாவி, எல்லைகளும் தொடர்ச்சித் தன்மையும் வரும் ஒன்பதாவது, வகையிடல் முறைகள் வரும் பத்தாவது. ஆறு வாரத்திலிருந்து எட்டு வாரம் வரை பிடிக்கும். இதைச் சொன்னால் சிலருக்கு முகம் சுருங்குகிறது, "திரும்பவும் பள்ளிக்கூடப் புத்தகமா" என்று. 2018-இல் வந்த அந்தப் புத்தகம் சாதாரணப் பள்ளிக்கூடப் புத்தகம் இல்லை என்பதைப் பிரித்துப் பார்த்தால் தெரியும். பல கல்லூரிகளின் முதல் வருடப் பாதிப் பாடம் அதில் அடக்கம்.

தமிழில் பாலம் போடுவதில் இன்னொரு லாபம் உண்டு. எல்லை என்ற சொல்லே வேலை பாதியை முடித்துவிடும். நெருங்கிப் போகலாம், ஆனால் அந்த இடத்தில் சார்பு இருக்க வேண்டும் என்ற கட்டாயமில்லை. வேலி ஓரம் வரை போய் நிற்பது மாதிரி. லிமிட் என்று மட்டும் கேட்டுப் பழகியவர்களுக்கு இந்தப் படம் சட்டென்று வருவதில்லை. நோட்டின் கடைசிப் பக்கத்தில் ஜோடி ஜோடியாக எழுதி வையுங்கள்: லிமிட் எல்லை, டெரிவேட்டிவ் வகைக்கெழு, இன்டக்ரல் தொகையீடு, கன்டினியூட்டி தொடர்ச்சி, செயின் ரூல் சங்கிலி விதி. இருபது சொல்லுக்கு மேல் வராது. ஆங்கில லெக்சரில் பாதிப் பயம் அந்த இருபது சொல்தான்.

சரி, பாலத்துக்கு அப்புறம் எங்கே சேர்வது?

சான்றிதழோ மதிப்பெண்ணோ வேண்டாம், விஷயம் தெரிந்தால் போதும் என்றால் எம்.ஐ.டி.யின் இலவசப் பாடத் தளமான ஓப்பன்கோர்ஸ்வேரில் 18.01 இருக்கிறது. அதையே தனியாகப் படிப்பவர்களுக்காக 18.01எஸ்சி என்று சின்னச் சின்னப் பகுதிகளாக்கி, கணக்குகளையும் விடைகளையும் பழைய தேர்வுத்தாள்களையும் சேர்த்து வைத்திருக்கிறார்கள். நீங்கள் எடுத்தால் எஸ்சி பதிப்பையே எடுங்கள். புத்தகமாக வேண்டுமானால் ஓப்பன்ஸ்டாக்ஸின் கால்குலஸ், மூன்று தொகுதி, இலவசம். முதல் தொகுதி முழுசும், இரண்டாவதில் கொஞ்சமும் உங்களுக்கு வரும். கான் அகாடமியை முழுப் பாடமாக நான் சொல்ல மாட்டேன். எங்காவது ஒரு படி புரியாமல் மாட்டிக்கொண்டால் அந்த ஒரு தலைப்பை மட்டும் தேடிப் பார்க்க அதைப் போல வசதி வேறில்லை. த்ரீ ப்ளூ ஒன் பிரவுன் யூடியூப் சேனலில் 2017-இல் வந்த கால்குலஸ் தொடரை எல்லோரும் சிபாரிசு செய்வார்கள். நானும் செய்கிறேன், ஆனால் பாடம் ஆரம்பிக்கும் முன்பு ஒரு முறையும் முடித்த பிறகு ஒரு முறையும். நடுவில் பார்த்தால் எல்லாம் தெரிந்துவிட்ட மாதிரி ஒரு மயக்கம் வரும், அன்றைக்குக் கணக்குப் போட மாட்டீர்கள்.

யாராவது கழுத்தைப் பிடித்துத் தள்ளினால்தான் ஓடுவேன் என்ற ரகமாக இருந்தால், நானும் அந்த ரகம்தான், என்.பி.டி.இ.எல். நல்லது. மத்திய அரசின் ஸ்வயம் தளத்தில் பதிவு. ஐ.ஐ.டி. மெட்ராஸின் அரிந்தம சிங் எடுத்த பேசிக் கால்குலஸ், ஐ.ஐ.டி. கான்பூரின் ஜாய்தீப் தத்தா எடுத்த ஒரு மாறி கால்குலஸ் என்று இந்தத் தலைப்பில் பாடங்கள் இருக்கின்றன. எல்லாப் பாடமும் எல்லாப் பருவத்திலும் வராது, ஜனவரிப் பட்டியலையும் ஜூலைப் பட்டியலையும் பார்த்து எடுக்க வேண்டும். ஒரு பேராசிரியரின் முதல் மூன்று வீடியோ பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். அவருடைய பேச்சு வேகமும் கையெழுத்தும் உங்களுக்கு ஒத்துவர வேண்டும், மூன்று மாதம் அவரோடுதான் குடித்தனம்.

சேர்வதும் படிப்பதும் இலவசம், தேர்வு எழுத மட்டும் 1000 ரூபாய். மதிப்பெண் கணக்கைப் பலர் சரியாகப் படிப்பதில்லை, அதனால் கொஞ்சம் விவரமாகச் சொல்கிறேன். வாராந்திர அசைன்மென்டுக்கு 25, நேரில் மையத்துக்குப் போய் எழுதும் தேர்வுக்கு 75. 12 வாரப் பாடத்தில் சிறந்த எட்டு அசைன்மென்டின் சராசரியை எடுப்பார்கள், அதனால் நான்கு வாரம் கோட்டை விட்டாலும் தலை போகாது. சான்றிதழுக்கு 25-இல் குறைந்தது 10, 75-இல் குறைந்தது 30, இரண்டும் தனித்தனியாக வேண்டும். அசைன்மென்டில் 23, தேர்வில் 24 எடுத்தால் மொத்தம் 47. நாற்பதைத் தாண்டிவிட்டோமே என்று மகிழ முடியாது, சான்றிதழ் கிடையாது.

அந்த 23-உம் 24-உம் சும்மா எழுதியதில்லை. நான் மென்டராக இருந்த ஒரு பருவத்தில் அசைன்மென்ட் விடைகள் டெலிகிராமில் ஓடின. பிள்ளைகள் எல்லோருக்கும் 22, 23, 24 என்று வந்தது, கல்லூரி நிர்வாகத்துக்கோ ஒரே சந்தோஷம். தேர்வு முடிவு வந்த அன்று ஸ்டாஃப் ரூமில் யாரும் பேசவில்லை. மாணவர்களைக் குறை சொல்லி என்ன பயன்? எத்தனை பேர் பதிவு செய்தார்கள் என்று மட்டும் கேட்கும் நிர்வாகம் அது, எத்தனை பேர் நோட்டில் போட்டார்கள் என்று ஒரு நாளும் கேட்டதில்லை. நீங்கள் உங்கள் காசில், உங்கள் ஆசைக்குப் படிப்பவர். விடை தேடும் பழக்கம் ஆரம்பித்த வாரத்திலேயே பாடம் முடிந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம்.

மூன்றாவதாக ஒரு வழி. ஐ.ஐ.டி. மெட்ராஸ் 2020-இல் தொடங்கிய ஆன்லைன் டேட்டா சயின்ஸ் பட்டப் படிப்பு. பன்னிரண்டாவதில் எந்தப் பிரிவாக இருந்தாலும் சரி, பத்தாவதில் கணக்கும் ஆங்கிலமும் படித்திருந்தால் விண்ணப்பிக்கலாம், ஆகவே உங்களுக்குக் கதவு திறந்தேதான் இருக்கிறது. நான்கு வாரப் பாடம், அதன் பிறகு தகுதித் தேர்வு, அப்புறம் அடிப்படை நிலையில் டேட்டா சயின்ஸுக்கான கணிதம் இரண்டு தாள். தேர்வுகள் நேரில். ஆனால் அது ஒரு பட்டப் படிப்பு. கால்குலஸ் மட்டும் வேண்டும் என்பவர் அதில் சேருவது, ஒரு கிளாஸ் பாலுக்கு மாடு வாங்குவது மாதிரி. டேட்டா சயின்ஸ்தான் வாழ்க்கை என்று முடிவாகிவிட்டால் மாட்டையே வாங்குங்கள், அதில் தப்பில்லை.

வெளிநாட்டு முதுகலைக்குப் போகும் எண்ணம் இருந்தால் மட்டும் ஒரு எச்சரிக்கை. பங்கேற்புச் சான்றிதழ் வேறு, கிரெடிட் அச்சிட்ட மதிப்பெண் பட்டியல் வேறு. எதை ஏற்பார்கள் என்று அந்தப் பல்கலைக்கழகத்துக்கே மெயில் போட்டுக் கேட்டு, பதில் வந்த பிறகு பணம் கட்டுங்கள்.

இப்போது அந்தப் பக்கத்து பெஞ்ச்காரனுக்கு வருவோம். ஒரு ஆளைப் பிடியுங்கள். பெரிய கணித மேதை வேண்டாம். சித்தப்பா பையனோ அத்தை மகளோ பொறியியல் படித்திருந்தால் போதும். எம்-ஒன்னில் அரியர் வைத்து இரண்டாவது முறை பாஸ் செய்தவராக இருந்தால் இன்னும் விசேஷம், எங்கெல்லாம் சறுக்கும் என்று அவருக்கு மனப்பாடமாகத் தெரியும். ஞாயிற்றுக்கிழமை இரவு அந்த வாரம் போட்ட கணக்கில் மூன்று பக்கத்தைப் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள். "எந்த வரியில் முதலில் தப்பு" என்று மட்டும் சொல்லச் சொல்லுங்கள், திருத்தித் தரச் சொல்லாதீர்கள். ஆளே கிடைக்கவில்லை என்றால் இதே வேலையை இப்போதிருக்கும் ஏஐ செயலிகளிடமும் கொடுக்கலாம். ஆனால் அவை முழுக் கணக்கையும் அழகாகப் போட்டு நீட்டிவிடும், அதைப் படித்துத் தலையாட்டினால் பழையபடி வீடியோ பார்த்த கதைதான். முதல் தப்பு எங்கே, அதோடு நிறுத்து என்று கறாராகக் கேளுங்கள். அதுவும் சில சமயம் தப்பாகச் சொல்லும், ஆகவே அடுத்த வித்தையையும் கையில் வைத்திருங்கள்.

வகையிட்ட விடை சரியா என்று போன் கால்குலேட்டரிலேயே பார்க்கலாம். (3எக்ஸ்+1) என்பதின் ஐந்தாம் அடுக்கை வகையிடச் சொல்கிறார்கள். சங்கிலி விதியை மறந்தவர் 5 பெருக்கல் (3எக்ஸ்+1) இன் நான்காம் அடுக்கு என்று எழுதுவார். மறக்காதவர் உள்ளே இருக்கும் 3-ஐயும் பெருக்கி 15 என்று ஆரம்பிப்பார். யார் சரி? எக்ஸுக்கு 0 போடுங்கள்: சார்பின் மதிப்பு 1. எக்ஸுக்கு 0.001 போடுங்கள்: 1.003-இன் ஐந்தாம் அடுக்கு, 1.01509. வித்தியாசம் 0.01509, அதை 0.001-ஆல் வகுத்தால் 15.09. ஐந்துக்குப் பக்கத்தில்கூட இல்லை. வகைக்கெழு என்பதே இந்த வகுத்தல்தானே, ஹெச்சைச் சின்னதாக்கிக்கொண்டே போவது. இப்படிப் பத்துக் கணக்கு சரிபார்த்தவருக்கு வரையறை தானாக மனதில் உட்கார்ந்துவிடும். தொகையீட்டுக்கு இதைவிடச் சுலபம்: வந்த விடையைத் திருப்பி வகையிட்டால் கேள்வி கிடைக்க வேண்டும். வரைபடம் பார்க்க ஜியோஜீப்ராவோ டெஸ்மோஸோ போனில் இருக்கட்டும்.

ஆன்லைன் அசைன்மென்டில் விடையை டைப் செய்யச் சொல்லும் பாடமாக இருந்தால் அடைப்புக்குறி விஷயத்தில் ஜாக்கிரதை. 1/2எக்ஸ் என்று அடித்தால் சில தளங்கள் அரை எக்ஸ் என்று எடுத்துக்கொள்ளும். நீங்கள் நினைத்தது 1/(2எக்ஸ்). கணக்கு சரி, விடை தப்பு என்று சிவப்பு விழும்போது வரும் எரிச்சல் இருக்கிறதே, நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

டேட்டா சயின்ஸுக்காக என்பதால் எதில் உழைக்க வேண்டும், எதில் வேண்டாம் என்றும் சொல்லிவிடுகிறேன். வகைக்கெழு, சங்கிலி விதி, பெருமம் சிறுமம் காண்பது, பிறகு பல மாறிகள் வரும்போது பகுதி வகைக்கெழு, அவற்றை வரிசையாக அடுக்கினால் வரும் கிரேடியன்ட். இவற்றில் ஒரு இடத்தையும் விடக் கூடாது. நியூரல் நெட்வொர்க்கைப் பழக்கும் பேக்ப்ராபகேஷன் என்பது சங்கிலி விதியை அடுக்கடுக்காகப் போடுவதுதான், மேலே பார்த்த அந்த 3-ஐப் பெருக்க மறக்காமல் இருப்பது. தொகையீட்டில் பரப்பு என்ற கருத்தும், பிரதியிடலும், எளிய பகுதித் தொகையிடலும் போதும். முக்கோணவியல் சார்புகளைப் பிரதியிட்டு இரண்டு பக்கத்துக்கு நீளும் தொகையீடுகள் எங்கள் எம்-ஒன் பிள்ளைகளுக்கு மதிப்பெண் தரும், உங்களுக்கு வேலை தராது. நிகழ்தகவில் தினமும் பார்க்கப்போகும் அந்த மணி வடிவ வளைகோட்டின் கீழே இரண்டு புள்ளிகளுக்கு நடுவில் இருக்கும் பரப்பையே சாதாரணச் சூத்திரமாகத் தொகையிட்டு எழுத முடியாது, அட்டவணையோ கணினியோதான். ஆனால் என்.பி.டி.இ.எல். தேர்வு எழுதுவதாக இருந்தால் அந்த இரண்டு பக்கத் தொகையீட்டையும் போட்டுத்தான் ஆக வேண்டும், அங்கே என் பேச்சு எடுபடாது.

வீடியோ வேகத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. முதல் முறை சாதாரண வேகத்தில், ஒவ்வொரு வரியையும் அவர் எழுதுவதற்கு முன்பு நிறுத்தி, அடுத்த வரி என்ன என்று நீங்கள் எழுதிப் பாருங்கள். ஒன்றரை மடங்கு வேகம் இரண்டாவது முறைக்கு மட்டும். கோடு போட்ட நோட்டு வேண்டாம், அன்ரூல்டு லாங் சைஸ் வாங்குங்கள், படம் வரைய இடம் வேண்டும். ஐந்தாவது வாரத்திலிருந்து ஏழாவது வாரத்துக்குள் ஒரு முறை விட்டுவிடலாம் என்று கட்டாயம் தோன்றும், எனக்குத் தோன்றியது அப்போதுதான். அந்த வாரம் வீடியோவைத் தொடாமல், முந்தைய வாரங்களில் தப்பாய்ப் போன கணக்குகளை மட்டும் திரும்பப் போடுங்கள். நான் அன்றைக்கு அதைச் செய்யவில்லை.

சேர்வதற்கு முன்பு இந்த ஞாயிற்றுக்கிழமை ஐந்து கணக்கு போட்டுப் பாருங்கள், எதையும் பார்க்காமல், அரை மணி நேரத்தில். 1/(எக்ஸ்+3) கழித்தல் 1/எக்ஸ், ஒரே பின்னமாக எழுதுங்கள். எக்ஸ் வர்க்கம் கழித்தல் 5எக்ஸ் கூட்டல் 6, காரணிப்படுத்துங்கள். (எக்ஸ்+4) இன் வர்க்கமூலம் கழித்தல் 2 என்பதை, அதே வர்க்கமூலம் கூட்டல் 2 என்பதால் பெருக்கினால் என்ன வரும்? அடிமானம் 2-க்கு 8-இன் மடக்கை என்ன? சைன் 30 பாகையும் காஸ் 60 பாகையும் ஏன் ஒரே எண், ஒரு முக்கோணம் வரைந்து காட்டுங்கள். நான்கு சரியாக வந்தால் பாலத்தை மூன்று வாரத்தில் ஓடித் தாண்டிவிடலாம். மூன்றோ அதற்குக் கீழேயோ என்றால் எட்டு வாரம் எடுத்துக்கொண்டு 11-ஆம் வகுப்புப் புத்தகத்தை முடித்துவிட்டு அடுத்த பேட்சில் சேருங்கள். போட்ட தாளை எனக்குப் போட்டோ எடுத்து அனுப்புங்கள், முதல் தப்பு எந்த வரியில் என்று மட்டும் சொல்கிறேன்.